முன் சீட்டில் ஒருவர்: கேள்வி பதில்

(ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பல வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவன் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.)

சார், வீட்டில் நான் அதிர்ந்துகூடப் பேசமாட்டேன். காரில் ஏறினால் வாயில் வராத வார்த்தை இல்லை. இதில் எது நிஜமான நான்?

ரெண்டும் நீங்கள்தான். ஆனால் இரண்டாமவரை நீங்கள் இன்னும் சரியாகப் பார்த்ததில்லை. ஹவாய் பல்கலைக்கழகத்தில் லியோன் ஜேம்ஸ் என்ற உளவியல் பேராசிரியர் தன் மாணவர்களைக் காரில் டேப் ரெக்கார்டர் வைத்துக்கொண்டு, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டச் சொன்னார். இப்போது போன் போதும். வண்டியை எடுக்கும் முன்பே ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டு, இறங்கும்வரை அதைத் தொடாதீர்கள்.

நானும் செய்து பார்த்தேன், தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டை வரை. திடீரென்று ஓரங்கட்டிய ஒரு ஷேர் ஆட்டோக்காரரை "அறிவிருக்கா" என்று கேட்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து மனைவியை இறக்கிவிட நானே இன்டிகேட்டர் போடாமல் இடது பக்கம் ஒதுங்குகிறேன். பின்னால் ஹாரன் அலறுகிறது. "ஒரு நிமிஷம் பொறுக்க மாட்டானா?" இதுவும் என் குரல்தான். அவர் செய்தால் புத்தி கெட்டவர், நான் செய்தால் அவசரம். அன்று ராத்திரி கேட்டபோது வெட்கமாகத்தான் இருந்தது. உங்களுடையதையும் தனியாக இருக்கும்போது கேளுங்கள்.

15 வருஷமாக வண்டியில் ஒரு கீறல்கூட விழாமல் ஓட்டுகிறேன். எனக்கும் இதெல்லாம் தேவையா?

1981-இல் ஸ்வென்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்க மாணவர்கள் சிலரிடம் "மற்றவர்களோடு ஒப்பிட்டால் உங்கள் ஓட்டும் திறமை எப்படி?" என்று கேட்டார். 93 சதவீதம் பேர் தங்களை மேல்பாதியில் வைத்துக்கொண்டார்கள். ஒரு பாதியில் எப்படி 93 பேரை அடைப்பது? கீறல் இல்லாததற்கு எதிரில் வந்தவர்கள் ஒதுங்கிப் போனதும் காரணமாக இருக்கலாம் அல்லவா?

உங்கள் கையிலேயே ஒரு மீட்டர் இருக்கிறது: பக்கத்தில் உட்காருபவரின் வலது கால். அங்கே பிரேக் கிடையாது, ஆனாலும் அந்தக் கால் தரையை மிதிக்கும். மேலே இருக்கும் கைப்பிடியைக் கை தேடும். பேசிக்கொண்டே வந்தவர் பாதி வாக்கியத்தில் நிறுத்துவார். "நான் எப்படி ஓட்டுகிறேன்?" என்று வாய்விட்டுக் கேட்காதீர்கள், நன்றாக ஓட்டுகிறீர்கள் என்றுதான் சொல்வார்கள். காலை மட்டும் கவனியுங்கள், அதுவும் வண்டி சிக்னலில் வந்து நின்ற உடனே, சட்டென்று.

ஹாரன் அடிப்பது தப்பா அண்ணா?

முதல் அடி தப்பில்லை. "நான் வருகிறேன்" என்று சொல்வது அது. ஒதுங்க இடமே இல்லாதவர் முதுகில் அடிக்கும் இரண்டாவது, நீளமான ஹாரன் இருக்கிறதே, அது திட்டு. ஒரு நாள் அந்த இரண்டாவதை மட்டும் எண்ணுங்கள்.

ஹைவேயில் பின்னால் ஒருவன் ஹை பீம் போட்டு விரட்டினால் ரோஷம் வந்துவிடுகிறது. வழிவிட மனசே வருவதில்லை.

ரோஷம் வரட்டும், கால் ஆக்சிலரேட்டருக்குப் போகாமல் இருந்தால் சரி. அவனுக்கு வழிவிட்டால் உங்களுக்கு என்ன நஷ்டம் என்று கணக்குப் போடுவோம். சென்னையிலிருந்து திண்டிவனம் ஏறக்குறைய 120 கிலோமீட்டர். சராசரியாக 80-இல் போனால் ஒன்றரை மணி நேரம், 90-இல் போனால் 80 நிமிடம். இவ்வளவு ரோஷத்துக்கும் மிஞ்சுவது பத்தே நிமிடம், அதுவும் ஒரு டீயில் போய்விடும்.

இதே கேள்வியைத் திருப்பியும் கேட்க வேண்டும்: நீங்கள் யாரையாவது விரட்டுகிறீர்களா? 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுகிறது. முன்வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் "ஆயிரத்து ஒண்ணு, ஆயிரத்து ரெண்டு" என்று நிதானமாகச் சொல்லுங்கள். சொல்லி முடிப்பதற்குள் நீங்களும் அந்தக் கம்பத்துக்கு வந்துவிட்டால் இடைவெளி போதாது. மழை என்றால் இன்னும் தள்ளிப் போங்கள்.

நான் டூ வீலர் மட்டும்தான். என்னை எப்படிச் சோதிப்பது?

சிவப்பு விளக்கில் கோட்டுக்குப் பின்னால்தான் நிற்பீர்கள். எண்கள் 5, 4 என்று குறையும்போது முன்சக்கரம் எங்கே இருக்கிறது? பாருங்கள், போதும்.

மகனுக்கு 18 ஆகப்போகிறது. லைசென்ஸ் எடுக்கும் முன் நான் என்ன சொல்லித்தரலாம்?

பின் சீட்டிலேயே பாதி கற்றிருப்பான் ஐயா. எல் போர்டு வண்டியில் முதல் நாள் உட்கார்ந்த ஒரு பையன், கிளட்சை விடத் தெரியாமல் நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டான். பின்னால் ஹாரன் அடித்தவரைக் கண்ணாடியில் பார்த்து, உதட்டைக் கோணிக்கொண்டு, "வந்துட்டான் பாரு பெரிய ஜமீன்தாரு" என்றான். அவன் அப்பாவுக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அதே உதடு, அதே ஜமீன்தார்.

உங்கள் ரெக்கார்டிங் தயாரானதும் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டுங்கள். அடுத்த வரி என்னவென்று உங்களுக்கு முன்னால் அவன் சொல்லிவிடுவான்.