வில் பிடிக்கலாம் வாருங்கள்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கப்பி, சக்கரம், குறிக்கம்பி எதுவும் இல்லாமல் கையையும் கண்ணையும் மட்டுமே நம்பி எய்யும் மரபு வில் பற்றிச் சேலம் மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

சேர்வராயன் மலையில் மான் வேட்டைக்குப் போகிற அளவுக்கு வில் பழக ஆசை. எடுத்த எடுப்பில் 50 பவுண்டு வில் வாங்கலாமா?
*த.மு., வாழப்பாடி*

வேட்டை பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டில் புள்ளிமானையோ கடமானையோ வேட்டையாடுவது குற்றம். துப்பாக்கி ஆனாலும் வில் ஆனாலும் ஒன்றுதான். துரத்துவது, கண்ணி வைப்பது, எய்து குறி தவறுவது எல்லாமே அந்தச் சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குள் வரும். சிறை உண்டு, வில்லும் பறிமுதலாகும். மலையில் யாருக்கும் தெரியாது என்று யாராவது சொன்னால் தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். மானைப் பார்க்க வேண்டுமானால் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது.

வில் பழகுவதற்கு இந்தத் தடை எதுவும் இல்லை. ஆனால் 50 பவுண்டு வேண்டாம். அது ஏறக்குறைய 22.7 கிலோ. மூன்று விரலால் கிட்டத்தட்ட ஓர் அரிசிச் சிப்பத்தை இழுத்துக் கன்னத்தோடு நிறுத்தி, நடுங்காமல் குறி பார்க்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவரால் அது முடியாது. தோள் காதுவரை ஏறும், நாண் வாயோரத்தை எட்டும் முன்பே விரல் தானாக விட்டுவிடும். இரண்டு மாதம் இப்படியே எய்தால் உடம்பு அதையே பாடமாக்கிக்கொள்ளும். பிறகு அதை மறக்கடிக்க ஆறு மாதம் ஆகும். தோள் மூட்டுத் தசைநாரில் வலி வந்தால் பயிற்சியே நின்றுபோகும். நன்றாகப் பழகியிருக்க வேண்டிய பலர் கைவிட்டுப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் கனமான முதல் வில்தான்.

பெரியவர்களில் ஆண்களுக்கு 25 முதல் 30 பவுண்டு, பெண்களுக்கு 20 முதல் 25, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 15-க்குள் போதும். ஒரு சோதனை உண்டு. வில்லை முழுதாக இழுத்து, நாண் விரலை வாயோரத்தில் வைத்து, பத்து எண்ணும்வரை நிறுத்துங்கள். பிறகு எய்யாமல் மெதுவாகத் தளர்த்துங்கள். கை நடுங்கினால் வில் உங்களுக்கு அதிகம். (அம்பு இல்லாமல் நாணை விட்டுவிடக் கூடாது. அம்பு எடுத்துப் போக வேண்டிய விசை வில்லுக்குள்ளேயே திரும்பி அதை உடைத்துவிடும்.)

எந்த வகை வில், என்ன நீளம் என்று எப்படித் தீர்மானிப்பது?
*ர.கோ., அம்மாப்பேட்டை*

கழற்றி மாட்டும் மூன்று துண்டு ரீகர்வ் (நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்) வாங்குங்கள். நடுவில் மரப்பிடி, மேலும் கீழும் லிம்ப் எனப்படும் இரண்டு கைகள். தேர்ச்சி வந்ததும் பிடியை வைத்துக்கொண்டு லிம்பை மட்டும் 35, 40 பவுண்டுக்கு மாற்றலாம். ஒரே துண்டு லாங்போ (நுனி வளையாத நெடுவில்) அழகானது, சத்தமும் குறைவு. ஆனால் எடையைக் கூட்ட வேண்டுமானால் புது வில்தான் வாங்க வேண்டும்.

அளவெடுக்க இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டிச் சுவரோடு நில்லுங்கள். நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை எத்தனை அங்குலமோ அதை 2.5-ஆல் வகுத்தால் உங்கள் இழுவை நீளம் கிடைக்கும். 68 அங்குலம் என்றால் 27 சொச்சம். 27 வரை 62 அங்குல வில் போதும், அதற்கு மேல் 64 அல்லது 66 பாருங்கள். வில் குட்டையானால் முழு இழுவையில் நாண் கூர்கோணமாக மடிந்து விரலை நசுக்கும்.

லிம்பில் எழுதியிருக்கும் பவுண்டு 28 அங்குல இழுவைக்கு உரியது. ஓர் அங்குலம் குறைந்தால் இரண்டு மூன்று பவுண்டு குறையும், கூடினால் அதே அளவு கூடும். சந்தேகம் இருந்தால் ரயில் பயணத்துக்குப் பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசை நாணில் மாட்டி உங்கள் இழுவைவரை இழுத்துப் பாருங்கள். 13.6 கிலோ காட்டினால் 30 பவுண்டு.

நாணேற்ற ஸ்டிரிங்கர் கயிறு கட்டாயம். காலுக்கு இடையில் வில்லை விட்டு வளைக்கும் பழக்கம் லிம்பை முறுக்கிவிடும். நாணேற்றிய பின் பிடியின் உட்குழிவிலிருந்து நாண்வரை அளந்தால் 62 அங்குல ரீகர்வில் ஏழரை முதல் எட்டு அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் நாணைக் கழற்றி இன்னும் சில முறுக்கு ஏற்றுங்கள். எய்யும்போது வில் அதிர்ந்து சத்தம் போட்டால் முதலில் பார்க்க வேண்டியது இந்த அளவைத்தான். பழைய வில்லுக்குச் சற்று இழுபடும் டேக்ரான் இழை நாண் போடுங்கள். இழுபடாத புதுவகை நாண், நுனி பலப்படுத்தாத லிம்பை வெட்டிவிடும்.

மலிவாக வாங்கிய மூங்கில் அம்புகள் ஆளுக்கொரு பக்கம் போகின்றன. தவறு என்னுடையதா, அம்பினுடையதா?
*சி.வே., ஓமலூர்*

பெரும்பாலும் அம்பினுடையது. எய்த கணத்தில் அம்பு நேராகப் போவதில்லை. பாம்பு போல வளைந்து வில்லைச் சுற்றிக்கொண்டு வெளியேறும். அந்த வளைவுத்தன்மைக்கு ஸ்பைன் என்று பெயர். வில்லின் விசைக்கு அது பொருந்த வேண்டும். வலக்கைக்காரர் எய்யும்போது அம்பு விறைப்பாக இருந்தால் இடப்பக்கமும், தளர்வாக இருந்தால் வலப்பக்கமும் ஒதுங்கும். ஒரே கட்டில் இரண்டும் கலந்திருந்தால் நீங்கள் சொல்வதுபோல்தான் ஆகும்.

வீட்டிலேயே பிரித்துவிடலாம். ஒரு பலகையில் 26 அங்குல இடைவெளியில் இரண்டு ஆணி அடித்து, அவற்றின் மேல் அம்பைக் கிடத்துங்கள். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, பாட்டிலோடு சேர்த்து 907 கிராம் ஆக்கி அம்பின் நடுவில் தொங்கவிடுங்கள். நடுப்பகுதி எவ்வளவு தாழ்கிறது என்று அளந்து, 26-ஐ அந்த அங்குலத்தால் வகுங்கள். 0.8 அங்குலம் தாழ்ந்தால் 32.5. சுமாராக 30, 35 பவுண்டு வில்லுக்கு உரிய அம்பு அது. பன்னிரண்டு அம்பையும் சோதித்து, விடைகளுக்கு இடையே ஐந்துக்கு மேல் வேறுபாடு இல்லாதவற்றை மட்டும் ஒரு கட்டாக வையுங்கள்.

எடையும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். வில்லின் ஒரு பவுண்டுக்கு பத்து கிரெய்ன் என்பது நல்ல கணக்கு. 30 பவுண்டுக்கு 300 கிரெய்ன், அதாவது 19.4 கிராம். சேலத்தில் கொலுசுப் பட்டறைக்கா பஞ்சம்? அங்குள்ள தராசில் வைத்தால் துல்லியமாகத் தெரிந்துவிடும்.

கார்பன் அம்பு என்றால் 30 பவுண்டுக்கு 600 முதல் 700 ஸ்பைன் எடுங்கள். இது வேறு கணக்கு, இதில் எண் கூடக்கூட அம்பு தளர்வு. பிளாஸ்டிக் இறகு வேண்டாம், அது பிடியின் மேல் உரசி அம்பைத் தட்டிவிடும். வான்கோழி இறகுதான் மடிந்து கொடுக்கும். ஓர் அம்பில் உள்ள மூன்றும் ஒரே பக்கச் சிறகிலிருந்து வந்ததாக இருக்கட்டும். வால் மேலும் கீழும் ஆடினால் அது ஸ்பைன் குற்றமில்லை. நாணில் அம்பு மாட்டும் இடத்தைச் செங்கோணத்துக்கு அரை அங்குலம் மேலே நகர்த்துங்கள்.

நாண் முன்கையில் அடித்துக் கன்றிப்போகிறது.
*க.பி., அஸ்தம்பட்டி*

முழங்கையைப் பூட்டிவிடுகிறீர்கள். கையை நீட்டியபடியே முழங்கை மடிப்பு வானத்தைப் பார்க்காமல் பக்கச் சுவரைப் பார்க்கும்படி திருப்புங்கள். முன்கையில் ஆர்ம்கார்டு எனப்படும் காப்புப் பட்டை கட்டுங்கள், விரலுக்குத் தோல் உறை போடுங்கள். கன்றிய இடம் ஆறும்வரை எய்ய வேண்டாம்.

ஏற்காட்டில் எங்கள் தோட்டத்தில் கல்மூங்கில் புதர் இருக்கிறது. அதில் வில் செய்யலாமா?
*ஜெ.மே., நாகலூர்*

தாராளமாக. சொந்தப் பட்டா நிலத்து மூங்கில் என்பது மட்டும் உறுதியாக இருக்கட்டும். காப்புக்காட்டில் ஒரு கழிகூட வெட்டக் கூடாது.

மூன்று வயதுக்கு மேல் முற்றிய கழியை வெட்டி, நிழலில் சில மாதம் காய விடுங்கள். ஈரமான மூங்கிலில் செய்த வில், வளைத்தால் வளைந்தபடியே நின்றுவிடும். ஐந்தரை அடி நீளம், நடுவில் ஒன்றரை அங்குல அகலம், நுனியில் அரை அங்குலம் என்று பட்டை எடுங்கள். பச்சைத்தோல் இருந்த வெளிப்பக்கம் எய்பவரைப் பார்க்காமல் குறியைப் பார்த்து இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் கத்தியே படக் கூடாது. கணுக்களையும் சீவி மழுப்ப வேண்டாம். இழுவிசையைத் தாங்குவது அங்குள்ள நார்கள்தான். ஒன்று அறுந்தால் வில் அந்த இடத்திலேயே பிளக்கும்.

உட்பக்கத்தை மட்டும் அரத்தால் ராவுங்கள். நீளமான நாண் கட்டி, பத்து அங்குலம் மட்டும் இழுத்துச் சுவர்முன் வைத்துப் பாருங்கள். வளையாமல் விறைத்து நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறித்து, அங்கே மட்டும் ராவ வேண்டும். நன்றாக வளைகிற இடத்தைத் தொடாதீர்கள். ஒவ்வொரு முறை ராவிய பிறகும் இருபது முப்பது தடவை பாதி இழுத்து மெதுவாகத் தளர்த்துங்கள். பிறகுதான் உண்மையான வளைவு தெரியும். இதற்குப் பொறுமையில்லாமல் ஒரே நாளில் ராவித் தள்ளுவதால்தான் பெரும்பாலான வில்கள் கெடுகின்றன. முதல் வில்லுக்கு 9 கிலோ, அதாவது 20 பவுண்டு இழுவை வந்தால் போதும்.

அக்கா மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே மரபு வில்லால் மான் வேட்டைக்கு அனுமதி உண்டாமே? என்ன சொல்லி அனுப்பலாம்?
*பா.நா., ஆத்தூர்*

உண்டு. உரிமம், பருவம், குறைந்தபட்ச வில் எடை எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூயார்க் போன்ற சில மாநிலங்களில் வில் வேட்டைக்கெனத் தனிப் பாடமும் படிக்க வேண்டும். அவர் முதலில் பார்க்க வேண்டியது தன் மாநில விதிகளைத்தான்.

40 முதல் 45 பவுண்டு வில் அங்குள்ள வெண்வால் மானுக்குப் போதும். அதை அடைய ஓராண்டு எடுத்துக்கொள்ளட்டும். அம்பு 400 முதல் 450 கிரெய்ன், முனையில் மயிர் மழிக்கிற கூர்மையுள்ள இரட்டை அலகு. மான் சாவது அடியின் வேகத்தால் அல்ல, இரத்தம் வடிவதால். மழுங்கிய அலகு மானைப் பல நாள் துடிக்க வைக்கும்.

தூரம் 15, அதிகம் போனால் 20 கஜம். ஒன்பது அங்குலக் காகிதத் தட்டில், உடம்பு சூடேறாத முதல் அம்பே தினமும் பட வேண்டும். எந்தத் தூரம்வரை அப்படிப் படுகிறதோ அதுவே அவருடைய எல்லை. மரபு வில் அம்பு நொடிக்குச் சுமார் 50 மீட்டர் போகும், நாண் ஒலியோ 340 மீட்டர். 20 கஜத்தில் அம்பு போய்ச்சேர மூன்றில் ஒரு நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் ஒலி கேட்ட மான் உடம்பைத் தாழ்த்திவிடும்.

மான் பக்கவாட்டில் நிற்க வேண்டும், அல்லது சற்றே அப்புறம் திரும்பி நிற்க வேண்டும். முன்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறி. எதிரே பார்த்து நிற்கும் மானுக்கும் தலைக்கும் எய்யவே கூடாது. எய்த பின் குறைந்தது அரை மணி நேரம் அசையாமல் இருக்கட்டும். அம்பில் நுரைத்த இளஞ்சிவப்பு இரத்தம் என்றால் நுரையீரல். கருத்த இரத்தமும் இரைப்பை நாற்றமும் என்றால் ஆறு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். உடனே துரத்தினால் அது ஓடிப் போய் எங்கோ தனியாகச் சாகும். அப்படி விட்டுவிடுவது பெரிய பாவம்.

கொல்லிமலை வல்வில் ஓரி ஒரே அம்பில் ஐந்து விலங்குகளை வீழ்த்தினான் என்கிறார்களே, நடக்குமா?
*இ.த., இளம்பிள்ளை*

புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் வன்பரணர் பாடியது அது. யானை, புலி, மான், பன்றி, கடைசியில் புற்றிலிருந்த உடும்பு. கனமான, கூரிய அம்பு ஒரு மானை ஊடுருவி மறுபக்கம் விழுவது 45 பவுண்டு வில்லிலேயே நடக்கிறது. யானையைத் துளைத்த பிறகும் நான்கு உடல்களுக்கு விசை மிஞ்சாது, அது புலவர் தந்த புகழ். ஆனால் பாட்டின் வரிசையைக் கவனியுங்கள், பெரிய உடலில் தொடங்கிச் சிறியதில் முடிகிறது. அம்பின் விசை தேய்ந்துகொண்டே போவதைத் தெரிந்தவர் பாடிய பாட்டு என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

சேலம் வெயிலிலும் ஏற்காட்டு மழையிலும் வில்லை எப்படிப் பாதுகாப்பது?
*வ.சு., ஏற்காடு*

பூட்டிய காருக்குள் வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் லிம்பின் பசை இளகி அடுக்கு பிரியும். நாணைக் கழற்றிப் படுக்க வையுங்கள். சுவரில் ஒரு முனை ஊன்றிச் சாய்த்தால் லிம்ப் முறுக்கிக்கொள்ளும். இறகு நனைந்தால் துணியால் தேய்க்காமல் காற்றில் உலர்த்தி, கெட்டில் ஆவியில் இரண்டு நொடி காட்டினால் நிமிர்ந்துவிடும். வாரம் ஒருமுறை நாணுக்கு மெழுகு தடவுங்கள். அதோடு ஒரு பஞ்சுருண்டையை லிம்பின் ஓரம் முழுக்கவும் கார்பன் அம்பின் மேலும் உருவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பில் பஞ்சு இழை சிக்கி நிற்கும். சிக்கினால் அந்த லிம்பையோ அம்பையோ அன்றே ஒதுக்கிவிடுங்கள்.