பாட்டி நோட்டில் ‘வ வீசை’ வெல்லம்

கேள்வி: 1950களில் பாட்டி கைப்பட எழுதிய சமையல் நோட்டு என்னிடம் இருக்கிறது. அதைப் பார்த்து தீபாவளி லேகியம் கிளறினேன். காரமே இல்லாமல், ஆறியதும் கமர்கட்டு மாதிரி இறுகிவிட்டது. பலத்துக்கு ஒரு மேஜைக்கரண்டி, ரூபாய் எடைக்கு ஒரு ரூபாய் நாணயம் என்று அளந்தேன். ‘வெல்லம் வ வீசை’ என்று இருந்தது. வீசை ஒன்றரைக் கிலோ என்றார்கள். அதிகமாகத் தோன்றியதால் ஒரு கிலோவோடு நிறுத்திக்கொண்டேன். அந்தப் பக்கத்தின் படத்தை அனுப்பியிருக்கிறேன். நோட்டும் உதிர்கிறது, லேமினேட் செய்யலாமா?

பதில்: உங்கள் கைப்பக்குவத்தில் பிழை இல்லை, அளவில்தான் பிழை. அந்த ‘வ’ வெல்லத்தின் முதல் எழுத்து அல்ல. பழைய தமிழ்க் கணக்கில் கால் என்பதை அப்படித்தான் எழுதுவார்கள். வீசை 1,400 கிராம், ஆக பாட்டி கேட்ட வெல்லம் 350 கிராம். நீங்கள் போட்டது ஏறக்குறைய மூன்று மடங்கு. கமர்கட்டு ஆகாமல் என்ன செய்யும்?

அடுத்தது ரூபாய் எடை. அது பிரிட்டிஷ் காலத்து வெள்ளி ரூபாயின் எடை, அதாவது ஒரு தோலா, 11.66 கிராம். 2011க்குப் பிறகு அடித்த ஒரு ரூபாய் நாணயம் 4 கிராம்கூட இல்லை. மூன்று ரூபாய் எடை சேர்ந்தால் ஒரு பலம், 35 கிராம். 40 பலம் ஒரு வீசை. கிலோ, கிராம் எல்லாம் 1958க்கு அப்புறம்தான் கடைகளுக்கு வந்தன. அதற்கு முந்தைய நோட்டுகளில் இந்தக் கணக்குதான் இருக்கும். (எங்கள் வீட்டு நோட்டில் ‘புளி 2 அணாவுக்கு’ என்று ஓர் இடம் உண்டு. அதற்கு என்னிடமும் மருந்து இல்லை.)

இப்போது உங்கள் பக்கத்தைத் திருத்தி எழுதினால்: சுக்கு 35 கிராம், கொத்தமல்லி விதை 35, ஓமம் 17, மிளகு, அரிசித்திப்பிலி, கண்டந்திப்பிலி மூன்றும் தலா 12, வெல்லம் 350. நெய் அரை ஆழாக்கு, நல்லெண்ணெய் கால் ஆழாக்கு. ஆழாக்கு என்பது படியில் எட்டில் ஒரு பங்கு, சுமார் 168 மி.லி., ஆனால் படி ஊருக்கு ஊர் மாறும். பரணில் பாட்டியின் பித்தளை ஆழாக்கு கிடந்தால், அதில் தண்ணீர் நிரப்பி அளந்துவிடுங்கள். அதைவிட நம்பகமான கணக்கு கிடையாது.

சரக்குகளை லேசாக வறுத்து, இடித்து, வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து மைய அரையுங்கள். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, கொதி வந்ததும் விழுதைச் சேர்த்து, நெய்யையும் எண்ணெயையும் மாற்றி மாற்றி விட்டுக் கிளறுங்கள். பாகு முறுகும்வரை காத்திருக்க வேண்டாம். கரண்டியிலிருந்து தொப்பென்று விழாமல் மெதுவாக வழுக்கி இறங்கும்போது, ‘இன்னும் கொஞ்சம் சுண்டட்டுமே’ என்று கை பரபரக்கும். அப்போதே இறக்கிவிடுங்கள், ஆறினால் தானே கெட்டியாகும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் இரண்டு கரண்டி தேன். முதல் தடவை பாதி அளவு செய்து பாருங்கள்.

லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. செல்லோடேப்பும் வேண்டாம், பழுத்து, பிசின் காகிதத்தில் இறங்கிவிடும். ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இரண்டு இடங்களில் சேமியுங்கள். எண்ணெய்க் கறையைத் துடைக்க முயல வேண்டாம். நோட்டைப் பருத்தித் துணியில் சுற்றி, சமையலறைக்கு வெளியே படுக்கவைத்து வையுங்கள். கிராம் கணக்கை வேறு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், பாட்டியின் பக்கத்தில் பேனா பட வேண்டாம். மற்ற பக்கங்களிலும் ‘வ’ இருக்கிறதா என்று ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுங்கள்.