பயன்படுத்திய ஆஸிலோஸ்கோப்பும் மல்டிமீட்டரும் ஆன்லைனில் புதிதைவிட அதிக விலைக்குப் போவது ஏன்?

இபே மாதிரி தளங்களில் பழைய ஆஸிலோஸ்கோப், மல்டிமீட்டர், சிக்னல் ஜெனரேட்டர் எல்லாம் புதுக் கருவியின் விலையைத் தாண்டி நிற்கிறதே, யார் இதை வாங்குகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒரு விஷயம். அங்கே நீங்கள் பார்ப்பது கேட்கிற விலை. அந்த விலைக்கு விற்றதா என்பது தனிக் கதை. இபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டச் சொல்ல ஒரு வசதி இருக்கிறது. அதைத் தட்டிப் பார்த்தால் கண்ணை உறுத்தும் விலைகளில் பெரும்பகுதி காணாமல் போய்விடும். ஆனால் எல்லாமே போகாது. சில கருவிகள் நிஜமாகவே அந்த விலைக்குப் போகின்றன, வாங்குகிறவரும் விவரம் தெரியாதவர் இல்லை. நன்றாகக் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறார்.

அவர் பெரும்பாலும் ஒரு தொழிற்சாலைக்காரர். டெஸ்ட் ரேக், அதாவது தயாரான பொருளைச் சோதிக்கும் கருவிகளை அடுக்கிய சட்டம், பராமரிக்கும் வேலையில் இருப்பதால் இந்தப் பக்கம் எனக்குப் பழக்கம். 1980களின் தொடக்கத்தில் வந்த எச்பி 3478ஏ என்ற மல்டிமீட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். ரேக்கில் உட்கார்ந்திருக்கும், பின்னால் ஜிபிஐபி கேபிள் வழியாகக் கம்ப்யூட்டர் அதனுடன் பேசும். அந்தப் பேச்சு வெறும் எழுத்தும் எண்ணும்தான். எஃப்1 என்று அனுப்பினால் டிசி வோல்டேஜ் அளக்கும், ஆர்ஏ என்றால் ரேஞ்சைத் தானே தேர்ந்துகொள்ளும், என்5 என்றால் ஐந்தரை இலக்கத் துல்லியத்தில் காட்டும். எஸ்சிபிஐ என்ற பொதுக் கட்டளை மொழி 1990இல்தான் வந்தது. அந்த மொழி பேசும் இன்றைய மீட்டருக்கு எஃப்1 என்று அனுப்பினால் அதற்கு ஒன்றும் விளங்காது.

இப்போது அந்த மீட்டர் படுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இன்னும் நல்ல மீட்டர் புதிதாகக் கிடைக்கிறது, விலையும் பரவாயில்லை. ஆனால் அதைப் போட்டால் டெஸ்ட் புரோகிராமைத் திருத்த வேண்டும். எழுதியவர் ஓய்வுபெற்றுப் போயிருப்பார், மூல நிரல் எந்த ஃப்ளாப்பியில் கிடக்கிறதோ தெரியாது. அதைக்கூடச் சமாளித்துவிடலாம். சோதிக்கப்படுவது விமானப் பாகமோ மருத்துவக் கருவியோ என்றால் சோதனை முறையில் கை வைத்ததுமே எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்து, ஆவணம் திருத்தி, வாடிக்கையாளரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். அதுவரை உற்பத்தி லைன் நிற்கும். அதே மாடலை எங்கிருந்தாவது வரவழைத்தால் வேலை எவ்வளவு? திருகைக் கழற்றி, பழையதை உருவி, வந்ததை உள்ளே தள்ளி, பின்புறச் சின்ன சுவிட்சுகளில் அதே அட்ரஸை வைத்து, கேபிளைச் செருகுவது. டீ வேளைக்குள் முடிந்துவிடும். லைன் ஒரு நாள் நின்றால் ஆகும் நஷ்டத்தைத் தெரிந்த மேனேஜர் மீட்டரின் விலையைப் பார்த்துத் தயங்கவே மாட்டார்.

இது தயாரிப்பாளர்களுக்கும் தெரியும். எச்பியின் அளவைக் கருவிப் பிரிவு 1999இல் அஜிலெண்ட் ஆனது, 2014இல் கீசைட் ஆனது. பெயர் எத்தனை மாறினாலும் புகழ்பெற்ற 34401ஏ மீட்டருக்கு மாற்றாக 34461ஏ வந்தபோது, பழைய கட்டளைகள் இதிலும் அப்படியே ஓடும் என்பதை விளம்பரத்தில் முன்னால் வைத்தார்கள். அப்படி மாற்று வராத மாடல்கள்தான் நீங்கள் பார்க்கும் விலைக்குப் போகின்றன.

உபரிக் கருவி வியாபாரியின் கணக்கும் இதிலேயே அடங்கும். மூடிய ஆலையிலிருந்தோ ஏலத்திலிருந்தோ அவர் அடிமாட்டு விலைக்கு எடுத்திருப்பார். ஷெல்ஃபில் கிடப்பதால் பெரிய செலவு இல்லை. அவர் விலை போடுவது பொழுதுபோக்குக்காக வாங்க வரும் நூறு பேருக்காக இல்லை, என்றைக்காவது லைன் நின்றுபோய்த் தேடி வரப்போகும் அந்த ஒருவருக்காக. அதுவரை அந்த விலை அங்கேயே நிற்கும், நீங்களும் நானும் அதைப் பார்த்து மலைத்துக்கொண்டிருப்போம்.

அப்புறம், புதிய விலை என்று ஒன்று இல்லாத கருவிகளும் உண்டு. டெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் 576 கர்வ் டிரேசர் 1969இல் வந்தது. டிரான்சிஸ்டரைச் செருகினால் அதன் குணவரைகோடுகளைத் திரையில் நேரடியாக வரைந்து காட்டும். அந்த வேலையைச் செய்யும் இன்றைய கருவி ஆய்வகங்களுக்கான பெரிய ஐட்டம், அதன் விலை பல மடங்கு. பழைய ரேடியோக்களில் இருந்த கண்ணாடி வால்வுகளைச் சோதிக்கும் வால்வு டெஸ்டர்களும் அப்படித்தான். அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்த டிவி-7 மாதிரியானவற்றை இன்று கிடார் ஆம்ப்ளிஃபையர்காரர்களும் வால்வு ஆடியோ பிரியர்களும் தேடுகிறார்கள். இவற்றை அன்றைய டாலர் விலையோடு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது ஸ்பேர் விஷயம். டெக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் தன் ஐசிக்களை, அதாவது சிப்புகளை, தானே செய்தது. 2465 போன்ற அருமையான அனலாக் ஸ்கோப்புகளில் யு800 என்ற ஐசி சூடாகிச் சாவது ரிப்பேர்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த கோளாறு. கடையில் கேட்டால் கிடைக்காது. 1994இல் அந்த ஐசிப் பிரிவும் மேக்சிம் நிறுவனத்துக்கு விற்கப்பட்டுவிட்டது. ஆகவே ஒன்றைப் பிழைக்க வைக்க இன்னொன்றைப் பிரிக்க வேண்டியிருக்கிறது. உயிரில்லாத ஸ்கோப்புக்கும் நல்ல விலை கேட்கிறார்களே என்றால், காரணம் உள்ளே இருக்கும் அந்த ஒரு துண்டு. நன்றாக ஓடுகிற செட் இன்னும் அரிதாகிக்கொண்டே போகிறது.

புதிதாக விற்கும் மாடலே பழையதாக அதிக விலைக்கு நின்றால் ஆப்ஷன்களைப் பாருங்கள். தயாரிப்பாளரின் தளத்தில் இருப்பது பெரும்பாலும் அடிப்படை மாடலின் விலை. சிக்னலில் எந்தெந்த அலைவரிசை எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் பிரீஆம்ப்ளிஃபையர், டிராக்கிங் ஜெனரேட்டர், அளவீட்டு மென்பொருள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் தொகை எங்கேயோ போய் நிற்கும். பழையதில் அவையெல்லாம் ஏற்கெனவே சேர்ந்தே இருக்கலாம். கூடவே நல்ல புரோப், புதிய காலிபரேஷன் (அளவு சரிதானா என்று பார்த்துத் திருத்துவது) சான்றிதழ், உடனே அனுப்பும் வசதி என்றால் அந்த விலை நியாயமாகவே இருக்கலாம். 2021, 2022இல் சிப் தட்டுப்பாடு வந்து புதுக் கருவிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தபோது, கையில் இருந்த பழைய கருவிக்கு மவுசு கூடியது இதனால்தான்.

மீதி இருப்பது கவனக்குறைவும் மென்பொருளும். புதுக் கருவிகள் மளமளவென்று மலிந்துவிட்டன. ரிகோல் நிறுவனத்தின் டிஎஸ்1054இசட் ஸ்கோப் நான்கு சேனலோடு சுமார் 400 டாலருக்கு வந்தது. அதற்கு முன் போட்ட லிஸ்டிங்கை யாரும் திருத்தாமல் விட்டிருப்பார்கள். சிலர் கையில் சரக்கே இல்லாமல், இன்னொருவர் லிஸ்டிங்கைப் பார்த்து அதன்மேல் ஒரு தொகை வைத்துத் தாங்களும் போடுகிறார்கள். 2011இல் அமேசானில் ஈக்களைப் பற்றிய ஓர் உயிரியல் நூலின் விலை 2 கோடியே 36 லட்சம் டாலரைத் தாண்டியது. இரண்டு கடைகளின் விலை நிர்ணய மென்பொருள்கள் ஒன்றையொன்று பார்த்து ஏற்றிக்கொண்டே போனதன் விளைவு அது.

வீட்டில் வைத்துக்கொள்ள வாங்குகிறீர்கள் என்றால் இந்தப் போட்டியில் நீங்கள் இறங்கவே வேண்டாம், புது டிஜிட்டல் ஸ்கோப் வாங்குங்கள். பழைய கருவிதான் வேண்டும் என்றால் மின்சாரம் கொடுத்து, சுயசோதனை முடிந்த திரையின் படத்தைக் கேளுங்கள். 3478ஏ போன்றவற்றில் காலிபரேஷன் எண்கள் ஒரு சின்ன லித்தியம் பேட்டரியின் தயவில்தான் நினைவகத்தில் நிற்கின்றன. அந்த பேட்டரி செத்துவிட்டால் மீட்டர் ஓடும், ஆனால் காட்டும் எண்ணை நம்ப முடியாது. மறுபடி காலிபரேஷன் செய்ய ஆகும் செலவில் பாதி மீட்டர் வாங்கிவிடலாம். பேட்டரியை எப்போது மாற்றினீர்கள் என்று விற்பவரைக் கேளுங்கள். விலை கேட்டு அனுப்பும் பட்டன் இருந்தால் தயங்காமல் குறைத்துக் கேளுங்கள். மாதக்கணக்கில் நிற்கும் லிஸ்டிங் என்றால் பல வியாபாரிகள் இறங்கி வருவார்கள். கப்பல் செலவையும் சுங்க வரியையும் சேர்த்துக் கூட்டிவிட்டுப் பணம் கட்டுங்கள்.