மாலை போட்டால் குடி நின்றுவிடுமா? – கேள்வி பதில்

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு அக்கா: வீட்டுக்காரர் விடிந்ததும் குடிப்பார். கார்த்திகை ஒன்றாம் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டு ஒரேயடியாக நிறுத்தப் போகிறாராம். நல்லதுதானே?

நல்ல முடிவுதான்க்கா, தடுக்காதீங்க. ஆனால் கை நடுக்கம் நிற்கவே காலையில் குடிக்கிறவர் சட்டென்று விட்டால் முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். விட்ட 2-ம் நாளிலிருந்து 4-ம் நாளுக்குள் ஆள் தெரியாமல் உளற ஆரம்பிக்கலாம், இல்லாத பூச்சியைத் தட்டிவிடலாம். சாமி குத்தம் என்று கோடாங்கியைத் தேடி ஓடாதீங்க, உயிர் போகிற விஷயம். மாலைக்கு ஒரு வாரம் முந்தியே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க. நடுக்கத்துக்கு மருந்து கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பாங்க, தயமின் என்கிற வைட்டமின் பி1 ஊசியும் போடுவாங்க.

மாலைக்கு உள்ள பலத்தை நான் குறைத்தே சொல்ல மாட்டேன். குருசாமி இருக்கார், பஜனை இருக்கு, ‘வா மாப்ள’ என்று இழுத்தவனே ‘சாமி’ என்று ஒதுங்குகிறான். இத்தனையும் மாலை கழற்றின அன்றைக்கே இல்லாமல் போகுது. அதனால் அந்த வாரத்துக்கே டாக்டரிடம் தேதி வாங்கி வைங்க.

முக்கூடலில் பீடி சுற்றும் ஒரு தங்கச்சி: நான் வாயில் புகையிலை அதக்குகிறேன். போதை ஒழிப்பு முகாமில் குடியைப் பற்றி மட்டும்தான் பேசுறாங்க.

உங்க கோபம் நியாயம்மா. பசிக்கும் அலுப்புக்கும் அதக்குகிற பொம்பளைகளுக்குக் குடிகாரன் கதையைச் சொல்லி என்ன ஆகப்போகுது? ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. பீடி ஒப்படைக்கிற இடத்துக்கே நர்ஸ் வந்து வாயைப் பார்க்கணும். வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தால் தள்ளிப்போடாதீங்க. நிக்கோட்டின் பபுள்கம் உதவும், ஆனால் விடாமல் மெல்லக் கூடாது. சுறுசுறு என்றதும் கன்னத்தில் ஒதுக்கணும். புகையிலையை விட்டு வெறும் பாக்குக்கு மாறினாலும் புற்றுநோய் வரலாம்.

மேலப்பாளையத்திலிருந்து ஒரு தாயார்: ஒன்பதாம் வகுப்புப் பையன் பையில் கூல் லிப் (உதட்டுக்குள் ஒதுக்கி வைக்கிற புகையிலைப் பொட்டலம்) இருந்தது. அவங்க அத்தா அடிக்கக் கிளம்பிட்டாங்க.

அடிக்க வேண்டாம்மா. யார் கொடுத்தது, எப்போ வைக்கிறான் என்று கேளுங்க. இந்த வயசுக்கு முப்பது வருஷம் கழித்து வருகிற நோய் உறைக்காது, வாய் நாற்றமும் ஈறு கரைகிறதும் உறைக்கும். விட்ட முதல் வாரம் எரிந்து விழுவான், வகுப்பாசிரியரிடமும் சொல்லிருங்க.

வள்ளியூர் தம்பி: அண்ணனுக்குத் தெரியாமல் குடி மறக்கிற மாத்திரையைச் சோற்றில் கலக்கலாமா?

கூடவே கூடாது. அது டைசல்ஃபிராம் என்கிற மருந்தாக இருந்தால், அதன்மேல் குடிக்கும்போது ரத்த அழுத்தம் இறங்கி ஆளே போய்விடலாம். ஏற்கெனவே கலந்திருந்தால் நிறுத்திவிட்டு அண்ணனிடமும் டாக்டரிடமும் இன்றைக்கே சொல்லுங்க. கடைசி மாத்திரைக்குப் பிறகும் 2 வாரம் வரை அந்த ஆபத்து இருக்கு.