கைப்பின்னலும் சுற்றுச்சூழலும் – கடிதம்

வணக்கம்,

ஸ்வெட்டர் பின்னக் கற்றுவருகிறேன். ஆலையும் மின்சாரமும் வேண்டாம் என்பதால் கடையில் வாங்குவதைவிட இது சுற்றுச்சூழலுக்கு நல்லது என்கிறார்கள் தோழிகள். அக்ரிலிக் நூல்தான் மலிவாகக் கிடைக்கிறது. அதில் பின்னலாமா?

வாசகி, குன்னூர்

அன்புள்ள வாசகிக்கு,

கையால் பின்னும்போது மிச்சமாவது பின்னல் எந்திரத்தின் மின்சாரமும் வெட்டி வீணாகும் துணியும் மட்டுமே. நூற்பு, சாயம், சலவை எல்லாம் அப்படியே இருக்கின்றன. எனவே நூலைத்தான் பார்க்க வேண்டும்.

அக்ரிலிக் பெட்ரோலியத்திலிருந்து வருவது. 6 கிலோ அக்ரிலிக் துணியை எந்திரத்தில் ஒருமுறை துவைத்தால் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட நுண்ணிழைகள் உதிரலாம் என்று இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் கணக்கிட்டார்கள். கம்பளி மக்கும், ஆனால் ஆடு மீத்தேன் விடுகிறது. எந்திரத்தில் துவைக்கலாம் என்று விற்கும் மெரினோ கம்பளியில் பெரும்பாலும் இழையின் செதில்களைக் குளோரினால் அரித்து, மேலே பாலிமர் பூசியிருப்பார்கள். பருத்தியில் பின்னினால் கனத்தில் தொங்கி, இடுப்போடு நிற்க வேண்டியது முழங்காலைத் தேடும்.

என் யோசனை, பழைய கம்பளி ஸ்வெட்டரைப் பிரித்துப் பின்னுங்கள். எடுக்கும் முன் உள்பக்க ஓரத்தைப் பாருங்கள். ஓவர்லாக் (வெட்டிய ஓரம் பிரியாமல் எந்திரத்தில் போடும் தையல்) அடித்திருந்தால் வேண்டாம். வெட்டித் தைத்தது என்பதால் வரிசைக்கு ஒரு துண்டாகத்தான் நூல் வரும். ஓரக் கண்ணிகளைச் சங்கிலிபோலக் கோத்திருந்தால் நீளமாகக் கிடைக்கும். இழைகள் ஒன்றோடொன்று சிக்கிக் கெட்டித்துப்போன கம்பளி பிரியவே பிரியாது. ரகத்தில் சந்தேகமா? ஓர் இழையை இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். முடி கருகும் வாடையோடு சாம்பல் நொறுங்கினால் கம்பளி, உருகிக் கறுப்பு மணியாக இறுகினால் அக்ரிலிக்.

தையலைப் பிரித்து, பின்னி முடித்த முனையிலிருந்து (பெரும்பாலும் கழுத்துப் பக்கம்) இழுங்கள். தொடங்கிய முனையிலிருந்து இழுத்தால் சிக்கும். நாற்காலி முதுகில் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, சில சொட்டு ஷாம்பு விட்ட வெதுவெதுப்பான நீரில் அரை மணி ஊறவிடுங்கள். முறுக்கிப் பிழியாமல் துண்டில் ஒற்றி நிழலில் தொங்கவிட்டால் சுருள் நிமிரும். வெந்நீரும் கசக்கலும் சேர்ந்தால் அதுவும் கெட்டித்துவிடும். கடை ஸ்வெட்டர் நூல் மெலிசாக இருக்கும். இரண்டு மூன்று இழை சேர்த்துப் பின்னலாம்.

10 செ.மீ. சதுரம் ஒன்று பின்னி, துவைத்துக் காயவைத்த பிறகே கண்ணிகளை எண்ணுங்கள். இதைத்தான் பலரும் தவிர்க்கிறார்கள். அளவு தவறிய ஸ்வெட்டர் பீரோவில்தான் கிடக்கும், செலவான நூல் முழுக்க வீண்.

ஏற்கெனவே வாங்கிய அக்ரிலிக்கைத் தூக்கிப்போட வேண்டாம். அடிக்கடி துவைக்காத மஃப்ளர், குல்லாவுக்கு ஆகும்.