மைலேஜ் 34 என்றால் மாசம் எவ்வளவு மிஞ்சும்?

கேள்வி: ஒட்டன்சத்திரத்திலிருந்து திண்டுக்கல்லுக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். போக வர 65 கி.மீ. ஆகிறது. இதுவரை பைக். அம்மாவுக்கு முட்டி வலி, ஆஸ்பத்திரிக்கும் பழனிக்கும் கூட்டிப் போக வேண்டியிருப்பதால் கார் வாங்கலாம் என்றிருக்கிறேன். எட்டு, ஒன்பது லட்சம் வரை புரட்ட முடியும். பெட்ரோல் வேகன்ஆரா, சிஎன்ஜியா? பக்கத்து வீட்டுக்காரர், 1.2 லட்சம் கி.மீ. ஓடிய 2017 டீசல் டிசையர் பாதி விலைக்கு வருகிறது, அதை எடு என்கிறார். மைலேஜ் நன்றாக இருக்க வேண்டும், பராமரிப்புச் செலவு கடிக்கக் கூடாது.

பதில்: ஷோரூமில் சொல்லும் மைலேஜை முதலில் ஓரமாக வையுங்கள். ஏஆர்ஏஐ (இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம்) மைலேஜ் என்பது சோதனைக்கூடத்தில் காரை உருளைமேல் ஏற்றி, ஏசியை அணைத்து, மணிக்கு 90 கி.மீ.க்கு மேல் போகாமல் எடுத்த கணக்கு. பொய் இல்லை, ஆனால் அதில் நம் வெயிலும் கிடையாது, ஊருக்கு ஊர் இருக்கும் வேகத்தடையும் கிடையாது. வேகன்ஆர் 1.0 லிட்டர் மேனுவலுக்கு லிட்டருக்கு 24.35 கி.மீ. என்று போட்டிருப்பார்கள். ஏசி போட்டு ஓட்டினால் 20 வந்தாலே நல்ல கைப்பழக்கம். சிஎன்ஜியில், அதாவது அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயுவில், கிலோவுக்கு 33, 34 என்பார்கள், 28 என்று எடுத்துக்கொள்ளுங்கள். போதாக்குறைக்கு இப்போது பங்கில் ஊற்றுவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதனால் மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்.

வேலை நாள், பழனி, ஆஸ்பத்திரி எல்லாம் சேர்த்து மாசம் 1,700 கி.மீ. ஓட்டுவீர்கள். பெட்ரோல் 100 ரூபாய் என்று முழுசாக வைத்தால் 85 லிட்டர், 8,500 ரூபாய். சிஎன்ஜி கிலோ 90 ரூபாய் என்றால் 61 கிலோ, ஏறக்குறைய 5,500. வித்தியாசம் 3,000 ரூபாய். அதே மாடலில் சிஎன்ஜி வண்டிக்குச் சுமார் 90,000 கூடுதலாகக் கொடுப்பீர்கள், அது இரண்டரை வருஷத்தில் திரும்பிவிடும். மாசம் 600 கி.மீ. ஓட்டுகிறவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் சிஎன்ஜி பக்கமே போகாதீர்கள் என்றிருப்பேன்.

இரண்டு பெட்ரோல் கார்களுக்கு நடுவில் மட்டும் மைலேஜை வைத்துக் குழம்பாதீர்கள். லிட்டருக்கு 8 கி.மீ. கொடுக்கிற வண்டியை விட்டு 12 கொடுக்கிற வண்டிக்கு மாறினால், உங்கள் ஓட்டத்துக்கு மாசம் 70 லிட்டர் மிச்சம். 22லிருந்து 26க்குப் போனால் 12 லிட்டர்தான். இரண்டுமே 'நாலு கி.மீ. கூட'தான்!

சிஎன்ஜியில் தொல்லையே இல்லை என்று சொல்ல மாட்டேன். வேகன்ஆரில் பெட்ரோலில் 67 குதிரைத்திறன், சிஎன்ஜியில் 57. நாலு பேரோடு கொடைக்கானல் ஏறினால் அது காலில் தெரியும், அங்கே பெட்ரோலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். டிக்கியில் சிலிண்டர் உட்கார்ந்துவிடும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சிலிண்டருக்கு ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் சோதனை) செய்தாக வேண்டும். இதையெல்லாம் விட முக்கியம் பங்க். நீங்கள் போகும் வழியிலேயே சிஎன்ஜி பங்க் இருக்கிறதா, சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கே வரிசை எவ்வளவு என்று ஒரு வாரம் பைக்கில் போகும்போதே பார்த்து வையுங்கள். கேஸ் போட எட்டு கி.மீ. சுற்ற வேண்டுமென்றால் பெட்ரோலே வாங்குங்கள். எதுவானாலும் கம்பெனியிலேயே பொருத்தி வரும் சிஎன்ஜிதான். வெளியில் கிட் மாட்டினால் வாரண்டி போச்சு.

இனி பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன டீசல். அந்த 1.3 லிட்டர் எஞ்சின் நல்ல எஞ்சின், நானே எத்தனையோ பிரித்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் 2014 அக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீங்குவதற்கு முன் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இருந்த பெரிய இடைவெளி இன்றைக்கு இல்லை. லிட்டருக்கு 22 கி.மீ. கொடுத்தால்கூட பெட்ரோல் வண்டியைவிட மாசம் 1,400 ரூபாய்தான் மிஞ்சும். 1.2 லட்சம் ஓடிய வண்டிக்குக் கிளட்ச், சஸ்பென்ஷன், இன்ஜெக்டர், டர்போ என்று எல்லாம் வரிசையில் நிற்கும். ஒரு செட் இன்ஜெக்டர் போனால் ஒரு வருஷ மிச்சம் அதோடு சரி. டிசையரைச் செய்யும் மாருதி 2020லேயே டீசல் கார்களை நிறுத்திவிட்டது என்பதையும் மறக்க வேண்டாம். வீட்டில் மெக்கானிக் இருந்தால் யோசிக்கலாம், இல்லையென்றால் விடுங்கள்.

பராமரிப்பைப் பொறுத்தவரை டர்போ இல்லாத சின்ன பெட்ரோல் எஞ்சின், மேனுவல் கியர், அந்தந்த ஊரிலேயே பாகம் கிடைக்கிற கம்பெனி. இவ்வளவுதான் என் இலக்கணம். மாருதியின் கே சீரிஸ், ஹூண்டாயின் கப்பா எஞ்சின்களில் டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின் இருப்பதால் பெல்ட் மாற்றும் செலவும் கிடையாது. சர்வீஸுக்கு விடும்போது வண்டியோடு வந்த கையேட்டை எடுத்துப் போங்கள். 10,000 கி.மீ. அல்லது ஒரு வருஷத்தில் எதை மாற்ற வேண்டும் என்று அதிலேயே போட்டிருக்கும். அதில் இல்லாத எஞ்சின் ஃபிளஷ், ஏசி கிருமிநீக்கம், த்ராட்டில் கிளீனிங் எல்லாம் பில்லில் ஏறினால் ஏன் என்று கேளுங்கள். பாதி அங்கேயே அடிபடும்.

போன மாசம் ஒருவர் வேகன்ஆரைக் கொண்டுவந்து, 14தான் கொடுக்கிறது, எஞ்சினில் கோளாறு என்றார். ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு இறங்கி நாலு சக்கரத்தையும் கையால் தொட்டுப் பார்த்தேன். பின்பக்க இடது சக்கரம் மட்டும் கையை வைக்க முடியாதபடி சுட்டது. ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து இறுகி, மனுஷன் மாசக்கணக்கில் பிரேக் போட்டபடியே ஓட்டியிருக்கிறார். டயரில் காற்றும் குறைவு, 22 பிஎஸ்ஐதான். எஞ்சினைத் தொடவே இல்லை. கேபிளை மாற்றி, ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுப்படி காற்றடித்து அனுப்பினேன், 19க்கு வந்துவிட்டது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தினமும் 65 கி.மீ. நான்கு வழிச்சாலையில், லாரிகளுக்கு நடுவில் போகப்போகிறீர்கள். 2023இல் குளோபல் என்கேப் என்ற அமைப்பு காரை மோதவிட்டுப் பார்க்கும் சோதனையில் வேகன்ஆர் வாங்கியது பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரம். 2024இல் வந்த புது டிசையருக்கு ஐந்து. டாடா டியாகோவுக்கு நான்கு, அதன் சிஎன்ஜியில் இரண்டு சின்ன சிலிண்டர்களை டிக்கியின் தரைக்கு அடியில் வைத்திருப்பதால் டிக்கியும் தப்புகிறது. கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் டிசையர் சிஎன்ஜியின் கீழ் வேரியன்ட், முடியாவிட்டால் டியாகோ சிஎன்ஜி என்பது என் தேர்வு.

ஆனால் டிசையரில் இருக்கை தாழ்வு, வேகன்ஆரில் நாற்காலியில் உட்காருவது போல ஏறலாம். முட்டி வலிக்காரர்களுக்கு அது பெரிய விஷயம். டெஸ்ட் டிரைவ் போகும் நாளில் அம்மாவையும் கூட்டிப்போய், பின் சீட்டில் இரண்டு முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். கதவைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டார் என்றால் என் தேர்வை விட்டுவிட்டு அவருக்கு வசதியான வண்டியை எடுங்கள். ஆறு ஏர்பேக் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.