பி.பி.டி. பட்டத்துடன் டாலசுக்கு வந்திருக்கும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

கோயம்புத்தூரில் நான்கரை ஆண்டு பி.பி.டி. (பிசியோதெரபி இளநிலைப் பட்டம்) படித்து, ஈராண்டு ஓர் எலும்பு முறிவு மருத்துவமனையில் பணியாற்றிய பின், கணவருடன் எச்-4 (கணவரின் வேலை விசாவைச் சார்ந்த) விசாவில் டாலசுக்கு வந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். இங்குள்ள பிசியோதெரபிஸ்ட்டுகள் டி.பி.டி. (பிசியோதெரபியில் டாக்டர் நிலைப் பட்டம்) வைத்திருப்பதைப் பார்த்து, மீண்டும் மூன்றாண்டு படிக்க வேண்டுமா, இல்லை இந்தத் துறையையே விட்டுவிட்டுக் கணினிப் பயிற்சிக்குப் போய்விடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

துறையை விடாதீர்கள். 2016 முதல் அங்கீகாரம் பெற்ற அமெரிக்கக் கல்லூரிகள் டி.பி.டி. பட்டம்தான் வழங்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் அது இங்குள்ள கல்லூரிகளுக்கான விதி. வெளிநாட்டில் படித்தவர்களிடம் மாநிலம் கேட்பது, நாம் படித்த பாடங்கள் இங்குள்ள படிப்புக்கு ஈடானவையா என்பதைத்தான். எஃப்.சி.சி.பி.டி. போன்ற மதிப்பீட்டு நிறுவனங்கள் மதிப்பெண் பட்டியலையும் பாடத்திட்டத்தையும் ஒவ்வொரு பாடமாக ஒப்பிட்டு, குறைகளைச் சொல்லும். நம்மவர்களுக்குப் பெரும்பாலும் குறைவது மருந்தியல், ஒத்த அறிகுறியுள்ள நோய்களைப் பிரித்தறிதல், மருத்துவப் படங்களை வாசித்தல் ஆகியவையும், சமூகவியல், இலக்கியம் போன்ற பொதுப் பாடங்களும்தான். அவற்றை இணையவழி வகுப்புகளால் நிரப்பலாம். முழுப் படிப்பையும் மறுபடி படிக்க வேண்டியதில்லை. அதன்பின் டோஃபல் என்னும் ஆங்கிலத் தேர்வு, டெக்சஸ் சட்ட விதிகள் குறித்த சிறு தேர்வு, தேசிய உரிமத் தேர்வான என்.பி.டி.இ. ஆகியவை இருக்கின்றன.

என்.பி.டி.இ. பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஐந்து மணி நேரம், 225 கேள்விகள். 200 முதல் 800 வரையிலான அளவுகோலில் 600 எடுத்தால் தேர்ச்சி. வாழ்நாளில் ஆறு முறைதான் எழுத முடியும். நான் படித்து முடித்துத் தேர்வுக்குத் தயாராக இருந்த 2010 ஜூலையில், இந்தியா, பாகிஸ்தான், எகிப்து, பிலிப்பைன்ஸ் ஆகிய நான்கு நாடுகளில் படித்தவர்கள் தேர்வு எழுதுவதே நிறுத்திவைக்கப்பட்டது. தேர்வெழுதியவர்கள் கேள்விகளை நினைவில் வைத்துப் பிறருக்குக் கொடுத்ததும், அவை பயிற்சி மையங்கள் வழியாக விலைக்குப் போனதும் காரணமாகச் சொல்லப்பட்டன. எங்களுக்கெனத் தனித்தேர்வு ஏற்படுத்தப்பட்ட பிறகு 2011இல்தான் என்னால் எழுத முடிந்தது. ஒரு தவறும் செய்யாமல் காத்திருந்த அந்த மாதங்களின் கசப்பு எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. ஆகவே, "பழைய கேள்விகள் இருக்கின்றன" என்று எவரேனும் அணுகினால், அது உதவியென்று எண்ணி வாங்கிவிடாதீர்கள். உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களின் வழியையும் அது அடைக்கும்.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமான மாற்றம் ஒன்று உண்டு. ஊரில் நான் வேலை செய்த இடத்தில், மருத்துவர் "ஐ.எஃப்.டி. (வலிக்கு மின்னோட்டம் தரும் சிகிச்சை), பத்து நாள்" என்று சீட்டில் எழுதி அனுப்புவார், நாம் கருவியைப் பொருத்தி, பயிற்சி சொல்லிக் கொடுத்து அனுப்புவோம். இங்கே என்ன சிகிச்சை, எத்தனை வாரம், எப்போது நிறுத்துவது என்பதை முடிவுசெய்து கையொப்பமிடுவது நீங்கள். முழங்கால் மாற்று அறுவை முடிந்து என்னிடம் வந்த ஒரு முதியவருக்குக் கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தது. அவர் அதைத் தசைவலி என்றே சொன்னார். பயிற்சியைத் தொடங்காமல் உடனே மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து அவரை அனுப்பிவைத்தேன். காலின் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருப்பது அன்றே தெரிந்தது. மதிப்பீட்டில் குறையென்று சொல்லும் அந்தப் பாடங்கள் இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இருக்கின்றன என்பதை அன்று உணர்ந்தேன். அவற்றைச் சடங்காகப் படிக்காதீர்கள்.

எழுத்து வேலையும் மிகுதி. "வலி குறைந்தது" என்று எழுதினால் போதாது. இரண்டு வாரத்தில் கைப்பிடியைப் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழுவார் என்பதுபோல் அளக்கத்தக்க இலக்கை எழுத வேண்டும். மெடிகேர் (முதியோருக்கான அரசுக் காப்பீடு) நோயாளிக்கு நேரக்கணக்கில் வரும் சிகிச்சையில் எட்டு நிமிடமாவது ஆனால்தான் கட்டணக் கணக்கில் ஓர் அலகு. இரண்டு அலகுக்கு 23 நிமிடம் வேண்டும். முதியோர் மறுவாழ்வு இல்லங்களில் முன்பு சிகிச்சை நிமிடங்கள் கட்டணத்தைத் தீர்மானித்தன. 2019 அக்டோபர் 1 முதல் நோயாளியின் உடல்நிலையே அதைத் தீர்மானிக்கிறது. அந்த மாற்றத்தின்போது பலரது வேலை நேரம் குறைந்தது. அதனால் முதல் வேலைக்குச் சம்பளத்தைப் பார்ப்பதைவிட, மூத்தவர் ஒருவர் அருகிலிருந்து கற்றுத்தரும் மருத்துவமனையையோ கிளினிக்கையோ தேடுவது நல்லது என்பது என் கருத்து.

விசா பற்றி ஒரு சொல். கணவருக்கு ஐ-140 (பச்சை அட்டைக்காக நிறுவனம் தரும் மனு) ஒப்புதல் கிடைத்திருந்தால், 2015 விதிப்படி நீங்கள் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். இல்லையெனில் உரிமம் பெற்றபின் ஒரு நிறுவனம் உங்களுக்கென எச்-1பி வேலை விசா கேட்கலாம். ஆள் அனுப்பும் நிறுவனங்கள் நீட்டும் ஒப்பந்தத்தில், இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்ற பத்தியை வழக்கறிஞரிடம் காட்டாமல் கையொப்பமிட வேண்டாம். நான் அப்படிக் கையொப்பமிட்டு, மூன்றாண்டு விரும்பாத ஊரில் இருந்தேன்.

இந்த வாரமே பல்கலைக்கழகத்துக்கு எழுதுங்கள். மதிப்பெண் பட்டியல் அங்கிருந்து நேரடியாக மதிப்பீட்டு நிறுவனத்துக்குப் போக வேண்டும் என்பதால், அதிகக் காலம் பிடிப்பது இதுதான். ஊரில் இருக்கும் அப்பாவையோ அண்ணனையோ நேரில் போய் விசாரிக்கச் சொல்லுங்கள். நீங்கள் படித்த ஆண்டின் பாடத்திட்டப் பிரதியும், பயிற்சிக் காலத்தில் எந்தப் பிரிவில் எத்தனை மணி நேரம் இருந்தீர்கள் என்ற சான்றும் கேட்டு வாங்குங்கள். அவை வந்ததும் எனக்கு எழுதினால், எந்தப் பாடம் குறைய வாய்ப்புண்டு என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.